பெயர் சொல்லக்கூடாத ஒருவர்

லோகநாதன் பொய் சொல்லக் கற்றுக்கொண்டது அறுபத்தைந்தாவது வயதில். அதற்கு முன்பு அவர் சொன்னதெல்லாம் பட்டறைப் பொய். "நாளைக்குக் காலைல பத்து மணிக்கு மோட்டார் ரெடிங்க" என்கிற ரகம். சொல்பவரும் நம்புவதில்லை, கேட்பவரும் நம்புவதில்லை என்பதால் அதைப் பொய்யில் சேர்க்க முடியாது. மனைவி தமயந்தியிடம் அவர் சொன்ன முதல் உருப்படியான பொய் ஒரு புதன்கிழமை மதியம் அரங்கேறியது. ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்துவிட்டு வந்தவர், வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே, "எனக்கு ஒண்ணுமில்லையாமா. வயிறு கண்ணாடியாட்டம் இருக்குதுன்னாங்க" என்றார்.

"கண்ணாடியா? அப்ப காலைல தின்ன கொள்ளுப் பருப்பு எங்க போச்சாம்?" என்றாள் தமயந்தி.

அவள் சோபாவில் சாய்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். ஆறு மாதத்துக்கு முன்பு அதே சோபாவில் அவளால் நிமிர்ந்து உட்கார முடியவில்லை. வயிறு அப்படி வீங்கிக் கிடந்தது. இப்போது வீக்கம் வடிந்து, சேலைக் கொசுவம் பழையபடி நின்றது. அடுத்த வியாழக்கிழமை மிச்சமிருக்கும் ஒரு கட்டியையும் அறுத்து எடுத்துவிட்டால் நோய் போன இடம் தெரியாது என்று டாக்டர் நஸீமா சொல்லியிருந்தார். அதே பட்டறைத் தூசியைக் குடித்த மற்றவர்களும் ஒரு தடவை ஸ்கேன் எடுத்துப் பார்ப்பது நல்லது என்று சொன்னதும் அவர்தான். அதனால்தான் லோகநாதன் முந்தின வாரமே ரத்தம் கொடுத்துவிட்டு, புதன்கிழமை ஸ்கேனுக்குப் போனார்.

அவர் நேராகக் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டார். அந்தச் சத்தத்தில் யாருக்கும் கேட்காமல் கொஞ்ச நேரம் விசும்பினார். வயிறு கண்ணாடி மாதிரியெல்லாம் இல்லை. கடுகு கொட்டினது மாதிரி இருந்தது. படத்தை அவரே பார்த்தார்.

கணபதி பகுதியில் அவருக்கு ஒரு பம்ப்செட் பட்டறை இருந்தது. கல்யாணமான புதிதில் மதியச் சோறு கொண்டுவரும் தமயந்தி, கொடுத்துவிட்டுச் சும்மா திரும்பமாட்டாள். ஏதாவது வேலை கொடுங்கள் என்று நிற்பாள். லேத்தில் விட்டால் சேலை மாட்டும், வெல்டிங்கில் விட்டால் கண் போகும். யோசித்து யோசித்து, இருக்கிறதிலேயே லேசான வேலை என்று காஸ்கெட் வெட்டக் கொடுத்தார். பம்பின் இரண்டு இரும்புப் பாகங்களுக்கு நடுவில் தண்ணீர் கசியாமல் இருக்க வைக்கும் வட்டத் தகடுதான் காஸ்கெட். அதை வெட்டும் அட்டை அப்போதெல்லாம் ஆஸ்பெஸ்டாஸ் அட்டை. புது மனைவிக்கு வேர்க்கக் கூடாதென்று பட்டறையில் இருந்த ஒரே ஃபேனையும் அவள் பக்கம் திருப்பி வைத்தார். அவள் வெட்ட வெட்டப் பறந்த தூசியை அந்த ஃபேன் இரண்டு பேர் மூக்குக்கும் பாரபட்சமில்லாமல் பரிமாறியது. மகள் நிவேதா வயிற்றில் தங்கும் வரை, மூன்று வருஷம் அவள் அந்த வேலையைச் செய்தாள்.

ஆஸ்பெஸ்டாஸ் தூசிக்கு அவசரம் கிடையாது. முப்பத்தெட்டு வருஷம் பொறுத்திருந்து, பட்டறையை விற்று, மகளைக் கட்டிக்கொடுத்து, இனி நிம்மதி என்று உட்கார்ந்த பிறகு தமயந்தியின் வயிற்றில் தன் வேலையைக் காட்டியது. குடலையும் ஈரலையும் சுற்றி ஒரு சவ்வு இருக்கிறது. புற்று அந்தச் சவ்வில் வந்திருந்தது. பல லட்சம் பேரில் ஒருவருக்குத்தான் வரும் என்றார்கள். தன் கையால் திருப்பி வைத்த ஃபேனை லோகநாதன் அன்றிலிருந்து ஒரு நாளும் மறக்கவில்லை. மனைவியிடம் அதைப் பற்றிப் பேசவும் இல்லை. எந்த வாயை வைத்துக்கொண்டு பேசுவது?

நஸீமா இந்த நோய்க்கென்றே பேர்போன சர்ஜன். முன்பெல்லாம் பத்து மணி நேரம் நின்று, கண்ணில் படும் கட்டியை எல்லாம் சுரண்டி எடுத்து, சூடான மருந்தை வயிற்றுக்குள் விட்டுக் கழுவித் தைப்பார். அப்படியும் கண்ணுக்குத் தெரியாத துளி எங்காவது தங்கி, இரண்டு வருஷத்தில் முளைத்துவிடும். இப்போது முறை மாறியிருந்தது. உடம்பில் நோயோடு சண்டை போடும் செல்களுக்கு முதலில் கட்டியின் அடையாளத்தைக் கற்றுக்கொடுக்கிறார்கள். அவை வயிறு முழுக்கத் தேடி அலைந்து சின்னதையெல்லாம் தின்று தீர்க்கும். மிஞ்சுவதைக் கத்தி பார்த்துக்கொள்ளும். தமயந்திக்கு மிஞ்சியது புளியங்கொட்டை அளவில் ஒன்றே ஒன்று.

அந்தப் புதன்கிழமை காலையில் நஸீமா லோகநாதனிடம் சுற்றி வளைக்காமல் பேசினார்.

"உங்க செல்லுக்கும் சொல்லிக்குடுத்துப் பாக்கலாம் சார். ஆனா உண்மையச் சொல்லிடறேன். இந்த நோய்க்கு இதுவரைக்கும் பதினோரு பேருக்குப் பண்ணியிருக்கோம். பாடத்த நல்லாப் புடிச்சது ஒருத்தரோட செல்லு மட்டும்தான். மத்தவங்களுக்கு அரைகுறை."

"அப்ப எனக்கும் அரைகுறைதானுங்களா?"

"அப்படித்தான் தோணுது. ஆனா வேற ஒரு வழி இருக்கு. நல்லாப் படிச்ச அந்த ஒருத்தரோட செல்லை எடுத்து உங்களுக்குக் குடுக்கலாம். உங்க உடம்பு அதை வெளியாளுன்னு வெரட்டாம இருக்க, மேல வேற சட்டை போட்டு அனுப்புவோம். அதுல ஆச்சரியம் என்னன்னா, உங்க கட்டியோட அடையாளமும் அந்த ஒருத்தரோட கட்டி அடையாளமும் ஒண்ணு. அச்சுல வார்த்த மாதிரி. நான் வேற யாருக்கும் இப்படிப் பொருந்திப் பாத்ததில்ல."

மோட்டார் ஓடுகிற சத்தத்தை வைத்தே எந்தச் சுருள் கருகியிருக்கிறது என்று சொல்பவர் லோகநாதன். அவருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

"டாக்டரம்மா, அந்த ஒருத்தரு இந்நேரம் என்ற வீட்டுல உக்காந்து வெங்காயம் உரிச்சுட்டு இருக்கறாங்களா?"

"எனக்கு அந்தக் காது கேக்காது சார்" என்றார் நஸீமா. "பேர் சொன்னா என்னைத் தூக்கி உள்ள வெச்சுருவாங்க."

அந்தச் சட்டம் சும்மா வந்துவிடவில்லை. கற்றுக்கொண்ட செல்களுக்கு ஒரு கோளாறு உண்டு. கட்டி உள்ளே இருக்கிறவரைதான் பாடம் ஞாபகத்தில் நிற்கும். கட்டியை எடுத்த நாற்பது நாளில் எல்லாம் மறந்துவிடும். உறைய வைத்துப் பார்த்தார்கள், அதிலும் மறந்தது. ஆகவே ஒருவரின் செல்லால் இன்னொருவர் பிழைக்க வேண்டுமென்றால், கொடுப்பவர் தன் கட்டியை வயிற்றுக்குள் விட்டுவைத்தாக வேண்டும். மற்ற புற்றுகளுக்கு இந்த வைத்தியம் வந்த புதிதில் நம் ஜனங்கள் என்ன செய்தார்கள் என்பதைச் சொல்லவா வேண்டும்? மருமகளின் கட்டியை விட்டுவைத்து மாமனாரைக் காப்பாற்றினார்கள். தங்கையின் கட்டியில் அண்ணன் பிழைத்தான். "இன்னும் ஒரு மாசந்தான சாமி, பொறுத்துக்க" என்று கெஞ்சிக் கெஞ்சியே சில பெண்களை மண்ணுக்கு அனுப்பினார்கள். கெஞ்சப்பட்டவர்களில் ஆண் ஒருவன்கூட இல்லை என்பதை யாரோ ஒரு நீதிபதி கவனித்தார். அதன் பிறகு, பெறுபவர் யார் என்று கொடுப்பவருக்குச் சொல்லக் கூடாது என்றானது. இரண்டு பேரும் ஒரே மாடியில் படுக்கக் கூடாது, ஒரே வாசலில் நுழையக் கூடாது. ஆனால் உன்னால் பிழைக்கக்கூடிய ஒருவர் இருக்கிறார் என்பதைக் கொடுப்பவரிடம் மறைக்கவும் கூடாது. உடம்பு அவருடையது, முடிவும் அவருடையது.

"எத்தன நாளைக்கு விட்டு வெக்கோணும்?" என்று கேட்டார் லோகநாதன்.

"ஒன்பது வாரம். அதுக்குள்ள மூணு தடவை ரத்தத்துலருந்து செல்லை எடுப்போம்."

"அதுவரைக்கும் அந்தக் கட்டி சிவனேன்னு இருக்குமுங்களா?"

"பெரும்பாலும் இருக்கும். ஆறு பேர்ல ஒருத்தருக்கு இருக்கறதில்ல. போலீஸ் திருடனைப் புடிக்கக் கத்துக்கறப்ப, திருடனும் தப்பிக்கக் கத்துக்குவான்ல? அவன் தப்பிச்சுட்டா அப்பறம் என் கத்திக்கு எட்டமாட்டான்."

"இந்தச் செல்லு இல்லீன்னா எனக்கு?"

"பெரிய ஆபரேஷன் பண்ணலாம். ஆனா கடுகு கடுகா இருக்கு, எல்லாத்தையும் பொறுக்க என் கண்ணு பத்தாது. ஒன்றரை வருஷம். நல்லா இருந்தா ரெண்டு."

"போதுமுங்க" என்று லோகநாதன் எழுந்தே விட்டார். "நெம்பப் போதுமுங்க. அவளுக்குச் சொன்னபடி வியாழக்கெழம எடுத்துருங்க. அவகிட்ட ஒண்ணும் சொல்லாதீங்க."

"ஒருத்தர் இருக்காருன்னு சொல்லித்தான் ஆகணும் சார். யாருன்னு சொல்லமாட்டேன்."

லோகநாதன் வழியெல்லாம் யோசித்தார். அந்த ஒருவர் புருஷன்தான் என்று தெரிந்தால் தமயந்தி ஒன்பது வாரம் என்ன, ஒன்பது வருஷம் கட்டியைச் சுமப்பாள். தெரியாவிட்டால்? யாரோ முகம் தெரியாத ஆளுக்காக எந்தப் பெண் தன் உயிரைப் பணயம் வைப்பாள்? வேண்டாம் என்றுதான் சொல்வாள். ஆகவே தெரியக் கூடாது. வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது பொய் தயாராக இருந்தது.

வெள்ளிக்கிழமை நஸீமா இருவரையும் உட்காரவைத்துத் தமயந்தியிடம் விஷயத்தைச் சொன்னார். லோகநாதனை வெளியே அனுப்பினால் அதுவே காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் அவரும் அதே அறையில் இருந்தார். அவர் கண்கள் எதிர்ச் சுவரில் இருந்த, சோப்புப் போட்டுக் கை கழுவுவது எப்படி என்ற படத்தை விட்டு நகரவில்லை.

தமயந்தி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அவருக்கு எத்தன வயசுங்க?" என்றாள்.

"சொல்லக்கூடாதும்மா."

"எந்த ஊருங்க?"

"அதுவும் சொல்லக்கூடாது."

"அவரும் எங்களாட்டத் தூசி தின்னவருங்களா?"

நஸீமா இதைச் சட்டம் அனுமதிக்குமா என்று யோசித்தார். "இந்த நோய் வர்றவங்கள்ல பாதிப்பேர் அப்படித்தாம்மா."

தமயந்தி தலையை ஆட்டினாள். பக்கத்தில் திரும்பி, கை கழுவும் படத்தை மனப்பாடம் செய்துகொண்டிருந்த கணவரை ஒரு பார்வை பார்த்தாள். "யோசிச்சுச் சொல்றனுங்க" என்றாள்.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் லோகநாதன் ஆரம்பித்தார். "இதுல யோசிக்க என்ன இருக்குது? வேண்டாம்னு சொல்லிரு."

"அட, இருங்க மாமா. ஒரு உசுரு."

"உன்றது உசுரில்லையா?"

"அதுவும் உசுருதான். அதான் யோசிக்கறேங்கறேன்."

அன்றிலிருந்து மூன்று நாள் வீட்டில் இதே பேச்சு. லோகநாதன் தன் வாழ்நாளில் யாரையும் அவ்வளவு திட்டியதில்லை. முகம் தெரியாத அந்த மனிதர் முதல் நாள் குடிகாரராக இருந்தார். இரண்டாம் நாள் கூடப் பிறந்தவளை ஏமாற்றித் தோட்டத்தை எழுதி வாங்கியவர் ஆனார். ஞாயிற்றுக்கிழமை மதியம் அரிசி பருப்புச் சாதம் தட்டில் விழுவதற்குள் கொலைக் கேஸ் வரைக்கும் போய்விட்டார்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றாள் தமயந்தி, நெய்யை ஊற்றிக்கொண்டே.

"அப்படி ஒரு ஆளா இருந்தா என்ன பண்ணுவேன்னு கேக்கறேன்."

"நல்லவரா இருந்தா என்ன பண்ணுவீங்க?"

"நல்லவன் எவனாவது பொம்பள கட்டியப் புடிச்சுத் தொங்கிட்டுப் பொழைக்க நெனப்பானா? வெக்கங்கெட்டவன்."

"அவரு கேட்டாருன்னு டாக்டரம்மா சொல்லவே இல்லீங்களே. அவரு பாட்டுக்கு வேண்டாம்னுகூடச் சொல்லியிருப்பாரு, பாவம்."

லோகநாதன் தட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்தார். தண்ணீரைக் குடித்துவிட்டு வேறு பக்கம் பிடித்தார். "ஆறுல ஒண்ணு தப்பிப்போகுமாமா. நெனப்பிருக்குதா?"

"நம்ம பட்டறையில ஆறு மோட்டாருல ஒண்ணு திரும்பி வந்தா நீங்க என்ன சொல்லுவீங்க? அஞ்சு ஓடுதில்லன்னுதான?"

"நீ மோட்டாரா?" லோகநாதன் கத்தியே விட்டார். "மோட்டார் போனா வேற வாங்கிக்கலாம் புள்ள. நீ போனா நான் எங்க போவேன்? எனக்கு நீ வேணும். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

கல்யாணமாகி முப்பத்தொன்பது வருஷத்தில் அவர் இப்படி வாய்விட்டுச் சொன்னது இதுதான் முதல் தடவை. சொன்னவருக்கே கூச்சமாக இருந்தது. தமயந்தி நெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"அந்த ஆளுக்கும் வீட்டுல ஒருத்தி இருப்பாளுங்க" என்றாள். "அவளுக்கும் அவரு வேணும்ல?"

"அவளுக்கு எதுக்கு அவன்? அவள அந்தத் தூசியில உக்கார வெச்சதே அவனாத்தான் இருப்பான். தானும் கெட்டு, கட்டுனவளையும்…" லோகநாதன் சட்டென்று நிறுத்தினார். நாக்கு எங்கே போகிறது என்று அப்போதுதான் தெரிந்தது.

தமயந்தி பருப்புச் சாதத்தைப் பிசைந்தாள். "வெச்சாருன்னே வெச்சுக்குவோம். வேணும்னா வெச்சாரு? அன்னைக்கு யாருக்குங்க தெரியும்? கட்டிக்கிட்டவ சிரமப்படக் கூடாது, லேசான வேலையாக் குடுக்கலாம்னு நெனச்சிருப்பாரு. வேர்க்கக் கூடாதுன்னு பாத்திருப்பாரு. அப்படிப் பாத்த மனுசன் மேல அவளுக்குக் கோவம் இருக்கும்னா நெனைக்கறீங்க? எனக்கு இருக்காதுப்பா."

அவள் தங்கள் கதையை வைத்து அந்த வேற்று வீட்டுக்காரர்களுக்கு நியாயம் சொல்கிறாள் என்று லோகநாதன் எடுத்துக்கொண்டார். ஆனாலும் ஆறு மாதமாக நெஞ்சில் அடைத்திருந்த ஏதோ ஒன்று அந்த நேரத்தில் கொஞ்சம் இளகியது. தட்டை அப்படியே விட்டுவிட்டு எழுந்து சமையலறைக்குப் போனார். அங்கே நின்று, நெய் வாசனையில், சத்தமில்லாமல் அழுதார். திரும்பி வந்தபோது அவள் அவருக்கு இரண்டாவது தடவை சாதம் போட்டு வைத்திருந்தாள்.

"சாம்பிள் பீஸு ஞாபகம் இருக்குதுங்களா?" என்றாள்.

எப்படி மறக்கும்? பட்டறையில் ஒரு ஆர்டர் வந்தால் முதலில் சரியாக அமைந்த பீஸை ஆணியில் கட்டித் தொங்கவிடுவார்கள். மற்றதெல்லாம் அதோடு ஒத்துப் பார்த்துச் செய்வது. கடைசி டெலிவரி வண்டி ஏறுகிறவரை அதில் யாரும் கை வைக்கக் கூடாது. ஒரு தடவை புதிதாக வந்த ஒருவர் அதைப் பழைய இரும்போடு போட்டுவிட்டார். நாற்பது பம்பு அளவு தப்பிப்போய், அந்த வாரம் முழுக்க லோகநாதன் யாரோடும் பேசவில்லை.

"அது இரும்பு" என்றார் அவர்.

"எனக்கு வவுத்துல தொங்குது, அவ்வளவுதான் வித்தியாசம். டெலிவரி இன்னும் ஒண்ணு பாக்கி இருக்குதுன்னு தெரிஞ்சுக்கிட்டு அதை எப்படிங்க கழட்டிப் போடறது? நாளைக்கே உங்களுக்கு இந்த மாதிரின்னா, முன்ன பின்ன தெரியாத ஒரு பொம்பள வவுத்துல வெச்சுட்டு இருக்கறதைக் கொஞ்ச நாள் இருக்கட்டும்னு சொல்லமாட்டாளான்னு நான் ஏங்கமாட்டனா?"

லோகநாதனிடம் இருந்த ஒரே பதிலை வெளியே சொல்ல முடியாது.

திங்கட்கிழமை அவள் கையெழுத்துப் போட்டாள். ஆபரேஷன் ஒன்பது வாரம் தள்ளிப்போனது. வியாழக்கிழமை அறுவைக்குப் பதிலாக முதல் தடவை செல் எடுப்பதென்று முடிவானது. ஓசூரிலிருந்து நிவேதா போனில் அழுதாள். "அப்பா, நீங்க சொன்னாக் கேப்பாங்க, சொல்லுங்கப்பா" என்றாள். சொன்னேன் சாமி, கேக்கலை என்றார் லோகநாதன். மகளிடமும் தன் வயிற்றைப் பற்றி மூச்சுவிடவில்லை. மனசுக்குள் வேறு ஒரு முடிவு எடுத்திருந்தார். கொடுப்பவருக்கு உரிமை இருக்கிறதென்றால் வாங்குபவருக்கும் இருக்கிறது. வாங்கமாட்டேன் என்று சொல்லிவிட்டால், தமயந்திக்கு அடுத்த நாளே கத்தி வைத்துத்தானே ஆக வேண்டும்?

வியாழன் காலை ஒன்பது மணிக்கு அவளை முன் வாசல் வழியாக மூன்றாம் மாடியில் விட்டார். எடுக்க நாலு மணி நேரம் ஆகும், அப்புறம் மூன்று மணி நேரம் படுத்திருக்க வேண்டும், துணைக்கு யாரும் இருக்கக் கூடாது என்று நர்ஸ் சொன்னார். "நீங்க கீழ எங்காச்சும் உக்காந்திருங்க மாமா" என்றாள் தமயந்தி. லோகநாதன் படியிறங்கி, கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு நேராக நஸீமாவின் அறைக்குப் போனார். நஸீமா ஆபரேஷன் தியேட்டரில் இருந்தார். லோகநாதன் அறையிலேயே காத்திருந்தார். மதியம் இரண்டு மணி ஆகிவிட்டது.

"எனக்கு வேண்டாமுங்க" என்றார், அவர் உள்ளே வந்ததும். "அந்த ஆளுக்கு வேண்டாமாமான்னு மேல சொல்லிருங்க. நாளைக்கே அவளுக்கு எடுத்துருங்க."

நஸீமா தொப்பியைக் கழற்றிவிட்டு எதிரில் உட்கார்ந்தார். களைத்திருந்தார். "சார், எடுத்து முடிச்சாச்சு. சட்டை மாத்தி, பையில போட்டு, கீழ் மாடிக்கு வந்தாச்சு. ஆறு மணி நேரம்தான் உசுரோட இருக்கும்."

"வேற யாருக்காவது குடுங்க."

"வேற யாருக்கும் பொருந்தாது. நீங்க வேண்டாம்னா சாயங்காலம் கொட்டிருவோம்."

கொட்டிருவோம் என்ற வார்த்தை லோகநாதனை அடித்தது. அவள் வலியெடுத்துச் சோறு வேண்டாம் என்று ஒதுக்கிய நாட்கள் கண் முன்னால் வந்தன. அந்த உடம்பு பாடுபட்டுக் கற்றுக்கொண்டதை, நாலு மணி நேரம் படுத்துக் கொடுத்ததை, ஒரு தொட்டியில் கவிழ்ப்பார்கள்.

"கையெழுத்துப் போடறப்ப அவ ஏதாச்சும் கேட்டாளுங்களா? யாருன்னு?"

"எல்லாம் முடிஞ்சப்பறம் ரெண்டு பேருக்கும் சம்மதம்னா பேர் சொல்லலாம்னு சட்டத்துல இடம் இருக்கு. ஃபாரத்துல அதுக்கு ஒரு கட்டம் இருக்கும். அதுல தேவையில்லைன்னு எழுதிட்டாங்க."

லோகநாதன் மூச்சை விட்டார். அப்படியென்றால் தெரியாது. யாரோ ஒருவர் பிழைத்துவிடுவார் என்ற நிம்மதியோடு அவள் மேலே படுத்திருப்பாள்.

"நீங்க வேண்டாம்னாலும் நாளைக்கு ஆபரேஷன் கிடையாது சார்" என்றார் நஸீமா மெதுவாக. "தேதியை அவங்கதான் மாத்தணும். வேண்டாம்னு சொன்னவரு மனசு மாறுவாருன்னு அவங்க ஒன்பது வாரமும் காத்திருப்பாங்க. எனக்கு அவங்களைக் கொஞ்சம் தெரியும். உங்களுக்கு என்னைவிட நல்லாத் தெரியும்."

"அது தப்பிச்சுட்டா? அந்தத் திருடன்?"

"வாரா வாரம் பாப்பேன். அசைஞ்சா அன்னைக்கே எடுத்துருவேன். யார் தடுத்தாலும் எடுத்துருவேன். அதுக்கு மேல என்கிட்ட வாக்குக் கேக்காதீங்க, என்னால குடுக்க முடியாது."

இப்படித்தான் லோகநாதன் பின் வாசல் வழியாகக் கீழ் மாடிக்குப் போனார். தடுப்புத் துணிக்குப் பின்னால் ஒரு கட்டில். பக்கத்தில் வேறு யாரும் இல்லை. நர்ஸ் இடது கையில் ஊசியைக் குத்தி, பிளாஸ்திரி ஒட்டி, பையைக் கம்பியில் தொங்கவிட்டார். பானகத்தின் நிறத்தில் ஏதோ ஒரு திரவம். இவ்வளவுதானா என்றிருந்தது அவருக்கு. சொட்டுச் சொட்டாக இறங்க ஆரம்பித்தது. ஒவ்வொரு சொட்டையும் அவர் எண்ணினார். நடுவில் கண் கலங்கி எண்ணிக்கை விட்டுப்போனது. கொஞ்ச நேரத்தில் கையில் லேசான சூடு பரவியது. மருந்து உள்ளே போகும்போது அப்படித்தான் இருக்கும் என்று நர்ஸ் சொன்னார். லோகநாதனுக்கு மருந்து என்று தோன்றவில்லை. அவள் வந்து பக்கத்தில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. ஒரு சொட்டும் வீணாகக் கூடாது என்று மாரியம்மனை வேண்டிக்கொண்டார். மேலே இருப்பவளுக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்பதைத் தனியாக இன்னொரு தடவை வேண்டிக்கொண்டார்.

போன் அடித்தது. வலது கையால் துழாவி எடுத்தார். தமயந்தி.

"ஏனுங்க, எங்க இருக்கறீங்க?"

"கீழதான். கேண்டீன்ல." பொய் இப்போது தயக்கமில்லாமல் வந்தது. பழகிவிட்டது. "காப்பி குடிச்சுட்டு இருக்கறேன். உனக்கு எப்படி இருக்குது?"

"எனக்கென்னங்க? எடுத்து முடிஞ்சுது. கஞ்சி குடுத்தாங்க, குடிச்சேன். தலைசுத்தல்கூட இல்ல."

"வலிக்குதா?"

"இல்லீங்க. இன்னும் ஒரு மணி நேரம் படுத்திருக்கச் சொன்னாங்க. கேண்டீன்ல கூட்டமுங்களா?"

லோகநாதன் சுற்றிலும் பார்த்தார். சுவர்க் கடிகாரம் ஓடுவதுகூடக் கேட்கும்படியான அமைதி. "ஆமா, நெம்பக் கூட்டம். உக்கார எடமில்ல" என்றார்.

மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. சிரிக்கிறாளா, அழுகிறாளா என்று அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"சரிங்க மாமா. எனக்காக அவசரப்படாதீங்க, முழுசா எறங்கட்டும்" என்றாள். "கேண்டீன்ல அந்தக் கைய மட்டும் அசைக்காமப் படுத்திருங்க. ஊசி வெலகிக்கும்."